மழையில்லாத ஊரில் ஊறிய கதவு

உப்போடைத் தெருவில் முதன்முதலில் கதவு ஊறியது யார் வீட்டில் என்று கேட்டால் இன்றைக்கும் எல்லோரும் ஆவுடைத்தாய் வீட்டைத்தான் கை காட்டுவார்கள், அதையும் பட்டென்று காட்டிவிட மாட்டார்கள், கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான், யார் சொல்லி அனுப்பிக் கேட்கிறான் என்று மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காட்டுவார்கள், அப்படி ஒரு தெரு அது. கடற்கரைப் பக்கத்து ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் கதவு ஊறும், இறுகும், மனுஷன் தோளைக் கொடுத்து இடிப்பான், தை பிறந்தால் அதுவே சரியாகிவிடும், அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இது கரிசல் காட்டு ஊர். கடைசி மழை எப்போது பெய்தது என்பதில் ஊருக்குள்ளேயே வழக்கு இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குடை என்றால் சாமி புறப்பாட்டுக்குப் பிடிக்கிற சாமான். வீட்டுக் கதவுகளெல்லாம் காய்ந்து சுருங்கி, மூடினாலும் விரல் நுழைகிற இடைவெளி விட்டு, உள்ளே இன்றைக்கு என்ன குழம்பு என்பது வரைக்கும் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நின்றன. அப்படிப்பட்ட ஊரில், சித்திரை வெயிலில், நாளும் கிழமையும் இல்லாத ஒரு சாதாரணப் புதன்கிழமைக் காலையில், ஆவுடைத்தாய் வீட்டு உள்ளறைக் கதவு திறக்க மாட்டேன் என்றது.

உள்ளறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அரிசி டிரம், பீரோ, சாமி படங்கள், அவ்வளவுதான். கோமதிநாயகம் சட்டை எடுக்கப் போனவர் கதவைத் தள்ளிப் பார்த்தார், இடித்துப் பார்த்தார், பிறகு திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"ஏளா, உள்ள தாழ் போட்டிருக்கியா?"

"நான் இங்க நிக்கேன். உள்ள யாரு இருந்து தாழ் போடுவா?"

"அதைத்தான் நானும் கேக்கேன்" என்று அவர் சொன்ன தோரணை அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இருவருமாகத் தோளைக் கொடுத்து இடித்ததில் கதவு ஒருவழியாக உள்ளே போனது. அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்த ஆவுடைத்தாய்க்கு விரல் நனைந்தது. பூவரசங் கட்டையில் செய்த கதவு, அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எலும்பாய்க் காய்ந்து கிடந்த கதவு, இப்போது ஊறுகாய் ஜாடி மூடியைப் போலக் கசிந்துகொண்டிருந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு உடனே புருஷன் மேல்தான் சந்தேகம் வந்தது. அவருக்கு முக்கில் சைக்கிள் கடை. பஞ்சர் பார்க்கிற தொட்டியில் எந்தக் கோடையிலும் தண்ணீர் குறைந்ததே இல்லை, எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "வருது" என்பார். யாருக்கும் தெரியாமல் சுவருக்குள் ஒரு குழாயை இழுத்துவிட்டாரோ என்று நினைத்த மாத்திரத்தில் அவள் போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

ஏன் சாத்தினாள் என்றால், தெருக்குழாயின் வரிசை அவள் கையில் இருந்தது. வாரத்துக்கு ஒரு தரம்தான் குழாயில் தண்ணீர் வரும், எந்த நேரத்துக்கு என்று வால்வு திறக்கிற ஆளுக்கே தெரியாது, குடங்களை முந்தின நாளே வரிசையில் வைத்துவிட வேண்டும், வைத்த குடத்தை ஒருத்தி நைசாகக் காலால் முன்னே தள்ளாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் ஆவுடைத்தாய். அவள் ஒரு குடத்தைக் காட்டி "இது பின்னால" என்றால் பின்னால்தான், கவுன்சிலர் வீட்டுக் குடமானாலும் பின்னால்தான். மகன் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்ததையும், அங்கேயே பெண் பார்த்ததையும், அப்பனும் மகனும் பேசி முடித்த பிறகுதான் அவளுக்குச் சொன்னார்கள். வீட்டில் அவள் சொல்லுக்கு அவ்வளவுதான் மரியாதை. தெரு மட்டும்தான் அவளைக் கேட்டு நடந்தது. அந்த வரிசை கையை விட்டுப் போய்விட்டால் தனக்கென்று ஒன்றும் மிச்சமில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டில் திருட்டுத் தண்ணீர் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மேலவீட்டுச் செண்பகவடிவு மறுநாளே வந்து வரிசையை எடுத்துக்கொள்வாள், எடுத்துக்கொள்ள எத்தனையோ காலமாக இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நிற்கிறாள்.

அதனால் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிட வேண்டும் என்று அருணாசல ஆசாரியைக் கொல்லைப் பக்கமாக வரச் சொன்னாள். ஆசாரி கீல் ஆணியைக் கழற்றி, கதவை இரண்டு முக்காலியின் மேல் படுக்கப்போட்டு, இழைப்புளியை ஓட்டினார். முதல் சுருள் வந்தது. ஆசாரி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், துணி பிழிவதுபோல் முறுக்கிப் பிழிந்தார். தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பக்கத்தில் இருந்த தம்ளரில் விழுந்தது. அரைத் தம்ளர் ஆனதும், வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அண்ணாந்து குடித்துவிட்டார்.

"தாயி, இது குழாத் தண்ணி இல்ல. மழைத் தண்ணி."

"மழை எங்கய்யா பேஞ்சுது?"

"அதை வீட்டுக்காரவுக நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லி ஆசாரி வாயைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் தெருவே வாசலில் நின்றது. பேரூராட்சியிலிருந்து ஒரு குழாய் பிட்டர் கடப்பாறையோடு வந்தார், நிலையை ஒட்டிச் சுவரை உடைத்தார், தரையைத் தோண்டினார், தோண்டத் தோண்ட வெறும் கரிசல் மண், அதுவும் மாவாய் உதிர்கிற மண். கோமதிநாயகம் பிட்டருக்கு முன்னாலேயே குனிந்து குனிந்து பார்த்தார். குழாய் இருந்தால் அது பெண்டாட்டி போட்ட குழாயாகத்தான் இருக்கும், வரிசையில் முன்னால் வைக்கச் சொல்லி எவளோ செய்துகொடுத்த உபகாரம் என்று அவருக்கு நினைப்பு. ஆவுடைத்தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு குழாயும் இல்லை என்று ஆனபோது புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவரை ஒருவர் பிடித்துவிடலாம் என்றிருந்த சந்தர்ப்பம் போய்விட்ட வருத்தம் இரண்டு பேருக்கும் கொஞ்சம் இருந்தது.

குழாய் இல்லை என்றால் கதவுதான். கதவு தண்ணீர் விடுகிறது என்றால் விடுகிறது. வேம்பில் பால் வடிகிற ஊரில் பூவரசில் தண்ணீர் வடிந்தால் என்ன என்று தெரு அதை அன்று சாயங்காலத்துக்குள் செரித்துவிட்டது. மாரியம்மன் என்று ஒருத்தி சொன்னாள், இல்லை, கதவுக்கு மரம் வெட்டின இடத்தில் இன்னும் மழை பெய்கிறது, வேர் அங்கே குடிக்கிறது, கட்டை இங்கே ஊறுகிறது என்று ஒருத்தர் சொன்னார், அது எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஒரு தம்ளர், மசக்கைக்காரிக்கு ஒரு தம்ளர், பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு ஒரு மடக்கு என்று வந்தார்கள், வந்தவர்களை எல்லாம் ஆவுடைத்தாய் அங்கேயும் வரிசையில் உட்கார வைத்தாள், ஆசாரி தினம் ஒரு சுற்று இழைத்தார், இழைத்த இடம் விடிவதற்குள் மறுபடி உப்பி நிலையைப் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க அவள் வீட்டுத் தண்ணீரைக் குடித்தது. குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டு, அதே வாயால் கேட்க ஆரம்பித்தது: இது யாருடைய தண்ணீர்?

ஆரம்பித்து வைத்தது செண்பகவடிவுதான். நிறைத்து வைத்த குடம் காலையில் ஒரு விரக்கடை குறைந்திருக்கிறது என்றாள். உடனே எல்லோரும் அவரவர் குடத்தைப் போய்ப் பார்த்தார்கள். எல்லோர் குடத்திலும் ஒரு விரக்கடை குறைந்திருந்தது. சித்திரையில் வாய் திறந்த குடம் குறையாமல் பெருகவா செய்யும்? ஆனால் அதற்கு முன்னால் யாரும் விரல் விட்டுப் பார்த்ததில்லை, பார்த்ததில்லை என்பதால் முன்னால் குறைந்ததில்லை என்று ஆகிவிட்டது. ஆக, கதவு தெருக்குடங்களை எல்லாம் குடித்துவிட்டு ஆவுடைத்தாய் வீட்டில் போய்க் கக்குகிறது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் குடங்களுக்குத் தட்டு வந்தது, தட்டுக்கு மேல் கல் வந்தது, கல்லை எவளும் மாற்றிவிடக் கூடாதென்று கல்லுக்கு மேல் சுண்ணாம்புக் கோடும் வந்தது.

"சோதிச்சுப் பாத்திருவோம் மதினி, உங்களுக்கும் நல்லது" என்றாள் செண்பகவடிவு, தேன் ஒழுகுகிற குரலில். தெருவில் எல்லோர் குடத்திலும் ஒரு சிட்டிகை மஞ்சள் போடுவது, கதவில் மஞ்சள் வடிகிறதா என்று பார்ப்பது. ஆவுடைத்தாய் சரி என்றாள். மடியில் கனம் இல்லாதவள் அவள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் ஆவுடைத்தாய் எழுந்து குளித்து, வாசல் நிலைக்கும் சாமி இருக்கிற உள்ளறை நிலைக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள், அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான், தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் கை தன்னால் பூசும். அன்றைக்கும் பூசியது. பூசிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தபோது தெரு உள்ளே வந்தது, ஆசாரி ஒரு சுருளைச் சீவினார், தம்ளரில் பிழிந்தார். தண்ணீர் லேசான மஞ்சளாக விழுந்தது.

ஆவுடைத்தாய் தம்ளரைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். விரல் இன்னும் மஞ்சளாக இருந்தது.

"இது நிலைக்குப் பூசுன மஞ்சள்" என்றாள். "வெள்ளிக்கிழமைல்லா. கதவு நிலையோட ஒட்டிக்கிட்டுல்லா இருக்கு. உங்க வீட்டு நிலையைப் போய்ப் பாருங்க, அங்கயும் பூசித்தான இருப்பீக."

"பூசியிருக்கோம் மதினி. யாரு இல்லன்னா" என்றாள் செண்பகவடிவு. "ஆனா எங்க கதவு ஒழுகலையே."

அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் வலது தோளை ஒரு தரம் தேய்த்துக்கொண்டதை ஆவுடைத்தாய் பார்த்தாள், பார்த்தும் அன்றைக்கு அது மனதில் பதியவில்லை. வரிசை போய்விட்டது என்பதுதான் பதிந்தது. அடுத்த தண்ணீர் நாளன்று அம்மன் கோவிலில் வந்து சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், செய்தால் வரிசை அவளிடமே இருக்கட்டும், இல்லாவிட்டால் செண்பகவடிவு பார்த்துக்கொள்ளட்டும் என்று தெரு கூடி முடிவு செய்தது. சத்தியம் என்று வந்த பிறகு யாரும் அவள் வீட்டில் தம்ளர் நீட்டவில்லை. எதிரே வந்தவர்கள் செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. உட்கார்ந்து அழுதாள், எழுந்து முகம் கழுவிக்கொண்டாள், கழுவிய தண்ணீரைக்கூடக் கணக்குப் பார்ப்பார்களோ என்று தோன்றியதும் மறுபடி அழுதாள்.

கோமதிநாயகம் சாப்பிடும்போது கேட்டார், "உள்ளதைச் சொல்லு, எவ குடத்துல கை வச்ச?"

அவள் அவருக்கு மறுசோறு போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலுக்கு உறை ஊற்ற மோர் இல்லை. இரண்டு நாளாக யாரும் அவள் வீட்டுக்கு வரவில்லை, அவளும் யார் வீட்டுக்கும் போகவில்லை. போனால்தான் என்ன, கழுத்தைச் சீவிவிடுவார்களா என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே செண்பகவடிவு வீட்டுக்கே போனாள். கூப்பிடாமல் நேராக அடுப்படி வரைக்கும் போய்விட்டாள். அங்கே செண்பகவடிவு தன் வீட்டு உள்ளறைக் கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தாள். ஒரு இடி, இரண்டு இடி, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது இடி. கதவுக்கு அடியில் பழைய துண்டு சுருட்டி வைத்திருந்தது, துண்டின் நுனி ஒரு வாயகன்ற சட்டிக்குள் தொங்கியது, சட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர்.

"உறைமோர் இருக்கா?" என்றாள் ஆவுடைத்தாய்.

செண்பகவடிவு திரும்பி, சேலையை விரித்துக்கொண்டு சட்டிக்கு முன்னால் நின்றாள். "பிள்ள தண்ணியைக் கொட்டிட்டான், தொடச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். அவளுடைய ஒரே பிள்ளை இராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் படிக்கிறான். மோரை ஊற்றிக் கொடுத்த கையில் தைல வாசனை அடித்தது.

தைல வாசனை. வெளியே வந்து தெருவில் நடந்தபோதுதான் ஆவுடைத்தாய்க்கு அது உறைத்தது. தெரு முழுக்க அதே வாசனைதான் அடித்துக்கொண்டிருந்தது, எத்தனை நாளாக என்று தெரியவில்லை, ஒவ்வொரு வாசலிலும் கற்பூரத் தைலமும் யூகலிப்டஸும் கலந்து மூக்கை அரித்தது. துணி காயப்போடுகிறவள் இடது கையால் காயப்போட்டாள். கூட்டுகிறவள் இடது கையால் கூட்டினாள். ஆம்பிளைகள் வலது தோளைத் தடவிக்கொண்டே பீடி குடித்தார்கள். அந்தப் பக்கமாக இழைப்புளிப் பையோடு ஆசாரி வந்தவர் அவளைக் கண்டதும் சந்துக்குள் திரும்பப் பார்த்தார்.

"ஆசாரி, நில்லும். எந்த வீட்டு வேலை?"

"அது ஒரு வீட்டு வேல தாயி."

"எந்த வீட்டுல?"

ஆசாரி பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "சொல்லக் கூடாதுன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காக."

"எத்தன தலையில?"

அவர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். அது போதும். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் வீட்டுக் கதவு மட்டும்தான் ஊறுகிறது என்று நினைத்துக்கொண்டு, மூடி வைத்து, பிழிந்து, தனியாகக் குடித்துக்கொண்டிருக்கிறாள். தனக்கும் வடிகிறது என்று தெரிந்தால் தன்னையும் திருடி என்பார்கள் என்ற பயம். பயந்தவள் எல்லாம் பயப்படாதவள் மாதிரி வந்து ஆவுடைத்தாய் வீட்டுத் தம்ளரைப் பிடித்து மஞ்சளைக் காட்டியிருக்கிறாள். ஆவுடைத்தாய் மோர்க் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தெரு நடுவில் நின்று கத்தலாம், கத்தினால் திருடி தப்பிக்கப் பார்க்கிறாள் என்பார்கள். அவள் கத்தவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாலுக்கு உறை ஊற்றினாள்.

தண்ணீர் நாள் வந்தது. வால்வு எப்போது திறப்பார்களோ என்று குடங்களை எல்லாம் குழாயடியில் வைத்துவிட்டு, காலையிலேயே தெரு கோவிலுக்கு வந்துவிட்டது. அம்மன் கோவில் தெருமுக்கில், குழாயிலிருந்து கூப்பிடு தூரம். ஆவுடைத்தாய் ஈரச் சேலையோடு வந்தாள். கடையில் வாங்கின சூடப் பொட்டலத்தைப் பிரித்தாள், தட்டில் ஒன்றை வைத்துக் கொளுத்தினாள்.

"என் வீட்டுக் கதவுல ஊறுனது யார் குடத்துத் தண்ணியும் இல்ல. இத்தன வருசத்துல ஒருத்தி முறையையும் நான் இன்னொருத்திக்குக் கொடுத்ததில்ல. பொய்யின்னா ஆத்தா கேக்கட்டும்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அமர்த்தி அணைத்தாள். முகம் சுளிக்கவில்லை.

"போதும் மதினி, போதும்" என்றாள் செண்பகவடிவு உடனே. "நாங்க நம்புதோம். வரிசை உங்ககிட்டயே இருக்கட்டும்."

நம்புதோம், நம்புதோம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் குரல் வந்தது, இத்தனை நாள் நம்பாதவர்கள் இத்தனை அவசரமாக நம்பியதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். கோமதிநாயகம்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

"நீங்க என்னைய நம்புதீக, சந்தோசம்" என்றாள் ஆவுடைத்தாய். "நான் உங்கள நம்பணும்லா? நாளப் பின்ன உங்க குடத்தை எல்லாம் நான்தான வரிசை வைக்கணும்."

தட்டில் இன்னொரு சூடத்தை வைத்துக் கொளுத்தினாள்.

"பெரிய சத்தியம் எல்லாம் வேண்டாம். எங்க வீட்டு உள்ளறைக் கதவு ஒத்தக் கையால திறக்கும்னு சொல்லி அணைங்க. போதும். யாரு மொதல்ல வாரீக?"

யாரும் வரவில்லை. சூடம் அதுபாட்டுக்கு எரிந்து, தட்டில் கருப்பு வட்டம் விட்டு அணைந்தது. அடுத்ததைக் கொளுத்தினாள். ஒருத்திக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது, ஆனால் அவள் காலை எடுத்து வைத்ததும் எல்லோர் தலையும் அவள் பக்கம் திரும்பியது, எடுத்த காலை அவள் திரும்ப அதே இடத்தில் வைத்துக்கொண்டாள். முதலில் போகிறவள் வீட்டுக் கதவுதான் ஒழுகுகிற கதவு என்று ஆகிவிடும் அல்லவா. அதனால் போகவும் முடியாமல், முன்னால் வரவும் முடியாமல், பக்கத்தில் நிற்கிறவளின் தோளை ஓரக்கண்ணால் பார்த்தபடி, தைல வாசனையோடு தெரு மொத்தமும் வெயிலில் நின்றது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரிக்கும் தோள் வலி என்று ஒவ்வொருத்திக்கும் தெரிய ஆரம்பித்தது. செண்பகவடிவு, தேய்க்கப் போன கையைப் பாதியில் இறக்கி முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் காற்று சீறுகிற சத்தம், பிறகு இருமல் மாதிரி விட்டு விட்டு, பிறகு கனமாக, ஒரே சீராகத் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அந்தக் குழாய்க்குத் திருகு கிடையாது, வந்தால் நிற்கிற வரைக்கும் வரும். முதல் குடம் நிரம்பி வழிகிற ஓசை கோவில் வரைக்கும் கேட்டது, வழிந்த தண்ணீர் கரிசல் வெடிப்புக்குள் இறங்குகிற வாசனைகூட வந்தது. ஒருத்தி எச்சில் விழுங்கினாள். ஒருவரும் அசையவில்லை.

கோமதிநாயகம் பெண்டாட்டியின் பக்கத்தில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "ஏளா, தண்ணி வருது. நீ சொன்னா எல்லாரும் போயிருவாக."

"வரட்டும்" என்று சொல்லி, ஆவுடைத்தாய் பொட்டலத்திலிருந்து இன்னொரு சூடத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள்.